நால்வர் பாடினால் ஐந்தாவது குரல் யாருடையது?

சார்டீனியாவில் நான்கு ஆண்கள் வட்டமாக நின்று பாடுகிறார்கள், நடுவே ஒரு பெண் குரல் கேட்கிறது, பெண் யாருமே அங்கு இல்லை. இது ஒலிப்பதிவில் செய்த வேலையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அந்தக் குரலுக்கு அங்கே பெயரே உண்டு: குவின்டினா, அதாவது ஐந்தாவது.

ஊர் காஸ்டெல்சார்டோ. இத்தாலிக்குச் சொந்தமான சார்டீனியாத் தீவின் வடகரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் கோட்டையோடு அமர்ந்திருக்கும் சிற்றூர். பாடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். திருச்சிலுவை சிற்றாலயத்தைச் சேர்ந்த ஒரு பக்திச் சபையின் உறுப்பினர்கள், உள்ளூர்க்காரர்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துத் திங்கட்கிழமை நடக்கும் லூனிசாந்தி ஊர்வலம்தான் அவர்களுடைய பெரிய கச்சேரி. விடியும் முன்பே கிளம்பி, பக்கத்து ஊரான தெர்குவின் மாதா கோயிலுக்குப் போய், இருட்டியபின் தீப்பந்த வெளிச்சத்தில் தங்கள் ஊர்ச் சந்துகளில் பாடிக்கொண்டு வருவார்கள். வெள்ளை அங்கி அணிந்த மூன்று குழுக்கள். குழுவுக்கு நான்கு பேர். ஒரு குழு மிசரேரே, இன்னொன்று ஸ்டாபாட், மூன்றாவது ஜேசு என்ற பக்திப் பாட்டுகளைப் பாடும். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதைச் சபைத் தலைவர் முடிவு செய்வார். பெயர் விடுபட்டவர் மனசு என்ன பாடுபடும் என்பதை எந்த ஊர்க்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, குரலுக்கு வருவோம். நான்கு குரல்களுக்கும் தனித்தனிப் பெயர்: பாஸு, கோந்த்ரா, போகி, ஃபல்ஸித்து. நம் கணக்கில் சொன்னால் பாஸு ஸட்ஜம், கோந்த்ரா பஞ்சமம், போகி மேல் ஸட்ஜம், ஃபல்ஸித்து அதற்கும் மேலே அந்தர காந்தாரம். பாட்டு நகர நகர இந்த அடுக்கு மாறும், ஆனால் அடிப்படை வடிவம் இதுதான்.

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண் அல்ல. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் கூடவே வரும். பள்ளியில் படித்ததுதான். இனிமேல்தான் வேடிக்கை. பாஸு 110 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 110 அதிர்வில், பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கோந்த்ரா 165, போகி 220, ஃபல்ஸித்து 275. பாஸுவின் மேற்சுரங்கள் 220, 330, 440, 550, 660 என்று ஏறும். கோந்த்ராவுக்கு 330, 495, 660. போகிக்கு 440, 660. ஃபல்ஸித்துவுக்கு 550, 825. எங்கெங்கே மோதுகின்றன என்று பாருங்கள். 440இல் பாஸுவும் போகியும் சந்திக்கிறார்கள். 550இல் பாஸுவும் ஃபல்ஸித்துவும். 660இல் மூன்று பேர்! 440 முதல் 660 வரை என்பது பெண்கள் சாதாரணமாகப் பாடும் உயரம். ஆக, நான்கு ஆண்களும் சேர்ந்து யாரும் நேரடியாகப் பாடாத ஒரு சுரத்தை அந்த உயரத்தில் பலப்படுத்துகிறார்கள்.

ஆனால் கூட்டல் கணக்கு மட்டும் போதாது. அப்படியானால் சுருதி சேர்ந்த எந்தக் குழுவிலும் இந்தக் குரல் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டுமே. என்னை மயக்குவது அடுத்த கட்டம்தான்: வாய். ஓர் உயிரெழுத்தைச் சொல்லும்போது நாக்கும் உதடும் வாய்க்குள் ஒரு வடிவத்தை உண்டாக்குகின்றன; அந்த வடிவத்தின் ஒத்ததிர்வு சில மேற்சுரங்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கும். ஆண் குரலில் ‘ஏ’, ‘ஓ’ சொல்லும்போது தூக்கப்படுவது ஏறக்குறைய 400 – 500 பகுதி. ‘ஆ’ என்று வாயைத் திறந்தால் 700 பக்கம். நான்கு பேரும் ஒரே ‘ஓ’வை ஒரே வாய்வடிவில் பிடித்தால் 440 மேலெழும். அதையே ‘ஆ’வாகத் திறந்தால் 660 முன்னுக்கு வரும். கீழே யாரும் சுரம் மாற்றவில்லை, மேலே குவின்டினா மட்டும் ஒரு படி ஏறிவிடுகிறது! தலையோடு தலை முட்டுகிற அளவுக்கு நெருங்கி நிற்பதால், அடுத்தவர் வாய்வடிவைக் காதாலேயே பிடித்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொள்ள முடிகிறது.

சுருதி சுத்தமும் வேண்டும். ஃபல்ஸித்து பியானோவின் காந்தாரத்தைப் பாடினால் 275க்குப் பதில் 277.2 வரும். அதன் இரண்டு மடங்கு மேற்சுரம் 554.4, பாஸுவின் ஐந்து மடங்கோ 550. நொடிக்கு நாலு தடவைக்குமேல் ஒலி ஏறி இறங்கி நடுங்கும், சுரம் ஒட்டாது. அதனால் துணைக்கு வாத்தியமே இல்லாமல் பாடுவது இங்கே வரம்.

கடைசிக் கட்டம் கேட்பவரின் மூளை. ஒரு மனிதக் குரல் லேசாக ஆடினால் அதன் எல்லா மேற்சுரங்களும் சேர்ந்தே ஆடும். அப்படிச் சேர்ந்து ஆடுவதை ‘இது ஒரே ஆள்’ என்று மூளை கட்டிவைக்கிறது. ஆல்பர்ட் பிரெக்மன் என்ற கனடா நாட்டு உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இப்போது 440ஐ யார் கணக்கில் எழுதுவது? பாஸுவுக்கும் சொந்தம், போகிக்கும் சொந்தம், சத்தமோ ஒருவர் தனியே தருவதைவிட அதிகம். மூளை அதைத் தனி ஆளாகப் பிரித்து உட்கார வைத்துவிடுகிறது.

நம் தம்புராவிலும் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. தந்திகளைப் பஞ்சமத்துக்கும் ஸட்ஜத்துக்கும்தான் கூட்டுகிறோம், ஆனாலும் காந்தாரம் தானாக ஒலிக்கிறது. ஸட்ஜத்தின் ஐந்து மடங்கு மேற்சுரம் அது. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையும் அடியில் செருகும் ஜீவாளி நூலும் மேற்சுரங்களை எப்படி எழுப்புகின்றன என்று சர் சி. வி. ராமன் 1921இல் கல்கத்தாவில் எழுதினார். இன்றைக்கு ஒருவர், ‘ஒரு சிற்றூர்ப் பாடற்குழுவின் குரலை அளக்கப் போகிறேன்’ என்று நிதி கேட்டுப் போனால், உடனடிப் பயன் என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். பயன் இல்லாமலா? கல்யாண வீட்டுக் கூட்டத்தில் காதுக்கருவி போட்ட பெரியவர் ஏன் திணறுகிறார் என்பதும் இதே கேள்விதான்: கலந்த ஒலியிலிருந்து ஓர் ஆளைப் பிரிப்பது எப்படி? எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு, சொல்லிவிட்டேன்.

குவின்டினா அன்னை மரியாளின் குரல் என்று காஸ்டெல்சார்டோவில் ஒரு நம்பிக்கை. பாடுகிறவர்களுக்குள் மனஸ்தாபம் இருந்தால் அது வராது என்றும் சொல்வார்கள். பெர்னார் லோர்தா-ஜாக்கோப் என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் அவர்களோடு பழகி இதையெல்லாம் பதிவு செய்தார். மூடநம்பிக்கை என்று கேட்டால் பாய்கிற ஆள் நான், இதில் முதல் பாதியை ஏற்க மாட்டேன். இரண்டாம் பாதியில் விஷயம் இருக்கிறது: அடுத்தவர் ‘ஓ’வைக் கவனிக்க மனமில்லாதவர் அதைப் போலத் தன் வாயை வளைக்கப் போவதில்லை.

உங்களுக்குக் குவின்டினா முதல் தடவையிலேயே கேட்காமல் போகலாம். அதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1863இலேயே வழி சொல்லியிருக்கிறார்: தேடும் மேற்சுரத்தை முதலில் தனியாக, மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே முழு ஒலியையும் கேட்கவேண்டும். இந்தப் பாட்டின் பதிவைப் போடும்முன் போகி பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே முணுமுணுத்துப் பாருங்கள். தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்ஃபோன் போடுங்கள்.