பாய்போல் படரும் டிரையாஸ்: பனிமலைச் செடி தோட்டத்தில் பிழைப்பது எப்படி?

ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலேயும், ஆர்க்டிக் நிலப்பரப்பிலும் வளர்வது டிரையாஸ் ஆக்டோபெட்டலா. ரோஜாக் குடும்பத்துச் செடி. இலைப்பரப்பு சில சென்டிமீட்டருக்கு மேல் எழாது. பக்கவாட்டில் பாய் விரித்தாற்போல் படர்ந்துகொண்டே போகும். வெள்ளைப் பூவில் பெரும்பாலும் எட்டு இதழ்கள். ஐஸ்லாந்தின் தேசிய மலர் இது.

தரையோடு ஒட்டிக் கிடப்பதால்தான் இச்செடி அங்கே உயிர் வாழ்கிறது. மேலே காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும், தரையை ஒட்டிய சில சென்டிமீட்டரில் உராய்வினால் அந்த வேகம் அடங்கிவிடும். வெயிலில் இலைகளும் மண்ணும் வாங்கிய வெப்பம் அங்கேயே தங்கும். முகத்தில் குளிர்காற்று அறையும் நாளிலும், வெயில் மட்டும் இருந்தால் காலடியில் இருக்கும் இத்தகைய செடிகள் காற்றைவிடப் பத்து டிகிரி செல்சியஸ்கூடக் கூடுதல் சூட்டில் இருப்பதுண்டு.

பூவின் வேலை இன்னும் நுட்பமானது. கிண்ணம்போல் குழிந்த இதழ்கள் சூரிய ஒளியை நடுவில் குவிக்கின்றன. சூரியன் நகர நகரப் பூவும் திரும்புகிறது. டிரையாஸ் இனத்தின் இன்னொரு செடியான இன்டெக்ரிஃபோலியாவைக் கனடாவின் வடகோடியில் ஆராய்ந்த பீட்டர் கெவன், இதை 1975இல் விளக்கினார். குளிர் காய வரும் பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. வளரும் விதைகளுக்கும் அந்தச் சூடு உதவுகிறது.

இவ்வளவு தாங்கும் செடி, மிதமான குளிருள்ள இங்கிலாந்துத் தோட்டங்களில் சில நேரம் அழுகிச் சாவது ஏன்? மலையில் குளிர்காலம் என்றால் எல்லாம் உறைந்து கிடக்கும். உறைந்த நீர் வேரை அழுக வைக்காது. தோட்டத்திலோ மாதக்கணக்கில் மழை. நெருங்கிப் படர்ந்த அதே இலைகள் இப்போது ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பூஞ்சை பிடிக்கிறது. கோடையில் வெப்பமான இரவுகளும் கெடுதல்தான்: பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவுச் சுவாசத்திலேயே எரித்துவிடும்.

ஆகவே கவனமெல்லாம் வடிகாலில் இருக்கட்டும். மண்ணில் பாதிக்குப் பாதி பொடிச்சரளை கலந்து, மேட்டுப்பாங்கான இடத்தில், நாள் முழுக்க வெயில் படும்படி நடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சரளை பரப்புங்கள். அடி இலைகள் ஈரமண்ணில் படாமல் இருக்கும். தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம். கொழுத்து வளர்ந்தால் படர்ப்பின் இறுக்கம் போய்விடும். உயரமான இடம் கட்டாயமில்லை. அயர்லாந்தின் பர்ரன் பகுதியில், திறந்த சுண்ணாம்புப் பாறை வெளியில், கடல்மட்டத்துக்கு அருகிலேயே இது செழிக்கிறது.

வேரைக் கிளறினால் இதற்குப் பிடிக்காது; பழைய செடியைத் தோண்டிப் பிரிக்காதீர்கள். ஓரத் தண்டைச் சரளைக்குள் அழுத்தி, மேலே சிறு கல்லை வைத்துப் பதியன் போடுங்கள். நன்றாக வேர் விட்ட பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டி, வேரைச் சுற்றிய மண்ணோடு எடுத்து நடலாம்.