வாத்துக்குஞ்சு நொண்டினால் குச்சியைத் தேடாதீர்கள், தரையைப் பாருங்கள்

போன பனிக்காலத்தில் ஒரு பாட்டி பிஸ்கட் பெட்டியொன்றைக் கொண்டுவந்து, கால்நடை வைத்தியரான என் மேசையில் வைத்தார். உள்ளே பத்து நாள் வாத்துக்குஞ்சு ஒன்று. வலது காலின் இரு பக்கமும் ஈர்க்குக் குச்சி வைத்து, தையல் நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. "கால் ஒடிஞ்சு போச்சுங்க மிஸ். கட்டு நானே போட்டுட்டேன், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க" என்றார்.

கட்டு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தொட்டால் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. நூல் சதைக்குள் புதைந்துவிட்டதால் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் போனது. எல்லாம் எடுத்த பிறகு எலும்பை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் உடைவு இல்லை. சாதாரணச் சுளுக்கு. விட்டிருந்தால் நாலைந்து நாளில் தானே நடந்திருக்கும். இப்போது அந்தக் குஞ்சுக்கு இரண்டு விரல் இல்லை.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து கோழியையோ ஆட்டையோ தூக்கிக்கொண்டு டவுனுக்கு வர ஒரு நாள் சம்பளம் போகும். வீட்டிலேயே ஏதாவது செய்து பார்ப்பார்கள்தான். அதனால் வீட்டில் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் குஞ்சைக் கையில் எடுக்காமல், கொஞ்ச நேரம் நடக்க விட்டுப் பாருங்கள். பிறகு உடலோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்துங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கோழியைத் தலைகீழாகக் காலில் பிடித்துக் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாத்தின் கால் அந்தப் பாரத்தைத் தாங்காது. நொண்டிக்கொண்டு வரும் குஞ்சுகளில் சிலவற்றுக்குக் காயம் இப்படித் தூக்கியதிலேயே வந்திருக்கும்.

நொண்டாத இன்னொரு குஞ்சைப் பக்கத்தில் வைத்து இரண்டின் கால்களையும் ஒப்பிடுங்கள். பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது குதிகால். வாத்துக்குஞ்சின் கோளாறுகள் நிறைய அங்கேதான் தெரியும். எலும்பு உடைந்திருந்தால் கால் மூட்டில்லாத இடத்தில் வளையும், அல்லது துணி போலத் தொங்கும். பாதம் சூடாக இருக்கிறதா, விரலை மெல்லக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இழுத்துக்கொண்டால் பாதி பயம் போய்விட்டது.

அடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் பச்சையாக மாறும். "அழுகிடுச்சு" என்று பதறி ஓடி வருவார்கள். அழுகல் இல்லை, கன்றல்தான். நமக்கு நீலமாகக் கன்றுவது பறவைக்குப் பச்சையாகக் கன்றும். இரத்தம் உடைந்து வரும் பச்சை நிறப் பொருளை அதற்கு மேல் மாற்றும் நொதி பறவைகளிடம் இல்லை, அவ்வளவுதான். பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கறுப்பும் குளிரும் துர்நாற்றமும் சேர்ந்தால்தான் ஆபத்து.

சரி, தரைக்கு வருவோம். நம் பக்கத்தில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பார்கள். 28 நாளில் குஞ்சு வரும். வந்ததும் ஒரு பெட்டியில் போட்டு, அடியில் உர பேக்கை விரிப்பார்கள். கழுவ வசதிதான். ஆனால் வாத்துக்குஞ்சு குடிப்பதை விடக் கொட்டுவது அதிகம். பத்தே நிமிடத்தில் உர பேக் வழுக்குப் பாறையாகிவிடும். பத்திரிகைத் தாளும் அதே கதைதான். கால் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி, நாலைந்து நாளில் குஞ்சு தவளை போலப் படுத்துவிடும். சணல் சாக்கு பிடிமானம் தரும், ஆனால் அதன் பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொள்ளும். ஓரத்தைத் தைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் பழைய ரப்பர் கால்மிதியைப் போடுங்கள். மரச்சீவல் கிடைத்தால் இன்னும் நல்லது. தூளாக இருக்கும் மரத்தூள் வேண்டாம், அதைத் தீன் என்று நினைத்துத் தின்னும்.

கால் விரிந்த குஞ்சைத்தான் வீட்டிலேயே நன்றாகக் குணமாக்கலாம். பார்மசியில் விற்கும் துணி பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டி, இரண்டு காலையும் குதிகாலுக்குக் கீழே கால்விலங்கு மாதிரி இணையுங்கள். நடுவில் பிளாஸ்டரின் ஒட்டும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளி, நல்ல குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம். காலைச் சுற்றிய பகுதிக்குள் தீக்குச்சி ஒன்று நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். ரப்பர் பேண்டும் நூலும் கூடவே கூடாது. தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாக ஒட்டுங்கள், ஏனென்றால் முதல் வாரத்திலேயே குஞ்சின் எடை இரட்டிப்பாகிவிடும். நேற்றுச் சரியாக இருந்த கட்டு இன்றைக்கு இறுகியிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கால் நேராகிவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் ஆழமில்லாததாக வையுங்கள், விலங்கோடு உள்ளே விழுந்தால் எழும்ப முடியாது.

குதிகால் வீங்கி, பின்பக்கம் தட்டையாகி, கால் வெளிப்பக்கமாகத் திருகியிருந்தால் விஷயம் வேறு. குதிகாலின் பள்ளத்தில் ஓடும் தசைநாண் விலகியிருக்கலாம். நான் படித்து முடித்து வந்த முதல் வருடம், இப்படி வந்த ஒரு குஞ்சுக்கு எலும்பு முறிவு என்று நினைத்து அச்சுக் கட்டுப் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது நாண் விலகிய இடத்திலேயே இறுகிப்போயிருந்தது. முதல் நாளே காலைப் பின்னுக்கு நீட்டி விரலால் நகர்த்தியிருந்தால் உள்ளே போயிருக்கும். ஆகவே இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஓரிரு நாளுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வெளியே தெரியும் எலும்பு, குளிர்ந்த பாதம், தீன் தொடாத குஞ்சு இவையும் அப்படித்தான். இரண்டு காலும் ஒரேயடியாக விழுந்து, தலை பின்னுக்கு வளைந்து, கால் உதைத்துக்கொண்டிருந்தால் அது காயமே இல்லை. ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். மற்றக் குஞ்சுகளை உடனே பிரித்து வையுங்கள்.

அடுத்தது தீன். சோறும் ரொட்டித் துண்டும் மட்டும் தின்று வளரும் குஞ்சுக்குக் கால் வளையும், குதிகால் பருக்கும். விற்றமின் பி3, அதாவது நியாசின் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். கோழிக்குஞ்சின் தீனில் கிலோவுக்கு 27 முதல் 35 மில்லிகிராம் போதும். வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். கோழிக்குஞ்சுத் தீன் போடுவது தப்பில்லை, அதோடு அவித்த பட்டாணியும் மசித்த முட்டையும் சேருங்கள். பார்மசியில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் மாத்திரை கிடைத்தால் பொடித்துத் தூவலாம். மா புளிக்க வைக்கும் ஈஸ்டைப் போட்டுவிடாதீர்கள். ஒரு தம்பி, "மாமைட்டும் ஈஸ்ட்தானே மிஸ், அதைக் கரைச்சுக் குடுக்கட்டா?" என்று கேட்டார். கெட்டிக்காரக் கேள்விதான், ரொட்டியில் பூசும் அந்தச் சாறில் நியாசின் நிறையவே இருக்கிறது. ஆனால் உப்பும் அதே அளவுக்கு நிறைய. வாத்துக்குஞ்சின் உடம்பு உப்பைத் தாங்காது. நெத்தலிக் கருவாடும் அதனால்தான் வேண்டாம்.

நம் ஊரில் காயத்தை விடக் குளிர்தான் அதிகமாகக் கொல்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைக்கலாம். நல்ல குஞ்சு தாய்க்கோழியின் சிறகுக்குள் ஓடிவிடும். நொண்டிக் குஞ்சு எட்டாமல் வெளியே கிடந்து விறைத்துப்போகும். முன்பு 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும் என்று சொல்வோம். இப்போது வீடுகளில் எரிவது எல்இடி. வெளிச்சம் வரும், சூடு வராது. இதைத் தெரியாமல் பல்புக்குக் கீழேயே வைத்துச் சாகவிட்டவர்கள் இருக்கிறார்கள். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, இரவில் இரண்டு முறை மாற்றுங்கள். சூடு அதிகமானால் விலகிக்கொள்ள மறு மூலையில் இடம் இருக்க வேண்டும். கரிச்சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு குஞ்சை மட்டுமல்ல, வீட்டில் தூங்குபவர்களையும் கொல்லும்.

மனிதருக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று உடைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? குஞ்சின் எடை 100 கிராம் சொச்சம். நீங்களோ 60 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சுளுக்கு ஆறி வரும்போது நீந்த விடுவது நல்ல பயிற்சி. உடல் பாரம் இல்லாமல் கால் வேலை செய்யும். ஆனால் பீலியில் இல்லை, பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரில், ஐந்து நிமிடம். கோழி அடைகாத்த குஞ்சு சீக்கிரம் நனைந்துவிடும். உடனே துடைத்துச் சூட்டில் வையுங்கள். திறந்த காயமோ கட்டோ இருந்தால் தண்ணீரே வேண்டாம்.

தனியாக வைத்தால் கத்திக் கத்தியே களைத்துப்போகும். தீனும் எடுக்காது. மிதிக்காத சாதுவான கூட்டாளி ஒன்றைப் பக்கத்தில் விடுங்கள்.

உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுவரும்போதும் அந்தக் கூட்டாளியையும் அதே பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கும் உதவும். கூடவே அது படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டும், தின்ற தீனில் ஒரு பிடியும். பெட்டியைத் திறப்பதற்கு முன் நான் அவற்றைத்தான் கேட்பேன்.