எலும்பு மஜ்ஜையிலிருந்து மூளை முளைக்காது

பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட ஆறு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மாதமும் ஒரு குடும்பம் வந்தது. தடிமனான ஃபைல். அதற்குள் மூன்று டிஸ்சார்ஜ் சம்மரிகள், மூன்றிலும் ஒரே வாசகம்: இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்கப்பட்டது, ஸ்டெம் செல் பிரிக்கப்பட்டது, முதுகுத்தண்டில் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவற்றுக்குப் பின்னால் ரசீதுகள். ஊரில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் நிலம் அந்த ரசீதுகளாக மாறியிருக்கிறது. நான்காவது ஊசிக்கு முன்பு, மஜ்ஜை நன்றாக இருக்கிறது என்று ரத்தநோய் மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்தார்கள். கடிதம் கொடுக்க மறுத்துவிட்டேன்.

அந்தத் தந்தையிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்ட கேள்விதான் வேதனையாக இருந்தது. "ஸ்டெம் செல் எதுவாக வேண்டுமானாலும் மாறும்தானே டாக்டர்? மூளைக்குப் போனால் மூளையாகிவிடும் என்றார்களே?" படித்தவர்கள், படிக்காதவர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதே வார்த்தைகளில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் யாரோ ஒருவர் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே இதை மட்டும் பொறுமையாக, விரிவாக எழுதிவிடுகிறேன்.

தானும் பிரிந்து பெருகி, வேறு செல்களையும் உருவாக்கும் மூலச் செல்லுக்குத்தான் ஸ்டெம் செல் என்று பெயர். எதுவாக வேண்டுமானாலும் மாறும் செல் ஒன்று உண்மையிலேயே உண்டு. கருவுற்ற முட்டை பிரியத் தொடங்கும் முதல் சில நாட்களில் இருக்கும் செல்கள் அப்படிப்பட்டவை. அந்த ஒரே செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஒரு முழுக் குழந்தையாகிறது. ஆனால் பிரியப் பிரிய ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வழி முடிவாகிவிடுகிறது. மரபணுத் தொகுப்பில் உள்ள 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் அநேகமாக எல்லாச் செல்லிலும் அப்படியே இருக்கும். ஆனால் கல்லீரலில் இயங்கும் மரபணுக்கள் ரத்தச் செல்லில் மூடப்பட்டிருக்கும். நரம்பில் இயங்குபவை தோலில் மூடப்பட்டிருக்கும். இந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்வதில்லை.

குழந்தை பிறந்த பிறகு உடலில் எஞ்சியிருக்கும் ஸ்டெம் செல்கள் அந்தந்த உறுப்புக்கு உரியவை. குடலின் உட்சுவரைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஸ்டெம் செல் குடலின் உட்சுவரை மட்டுமே உருவாக்கும். தோலுக்குரியது தோலைத் தரும். மஜ்ஜையில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ரத்தத்தை உருவாக்குவது: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அதன் வாரிசுகள். இன்னொன்று எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றைத் தரக்கூடியது. இரண்டுமே மூளை நரம்புச் செல்லை உருவாக்குவதில்லை. நெல் நாற்றைத் தென்னந்தோப்பில் நட்டால் அது தென்னை ஆகாது.

"அப்படியானால் மஜ்ஜைச் செல் மூளைச் செல்லாக மாறியது என்று ஆராய்ச்சிக் கட்டுரை காட்டினார்களே?" என்று கேட்பவர்களும் உண்டு. காட்டியிருப்பார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலிகளில் அப்படிச் சில முடிவுகள் வந்தன. நாங்களெல்லாம் ஆவலோடு படித்தோம். மற்ற ஆய்வகங்கள் கிளறிப் பார்த்தபோது, அவற்றில் பலவும் மஜ்ஜைச் செல் ஏற்கெனவே இருந்த செல்லோடு ஒட்டி இணைந்துகொண்டதால் ஏற்பட்ட தோற்றம் என்று தெரிந்தது. அந்த இரண்டாவது கட்டுரையை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

பூட்டைத் திறக்க முடியும் என்று நிரூபித்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. 2006-ல் எலியின் சாதாரணச் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருநிலைச் செல்லைப் போல மாற்றிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் உருவாக்கிய விழித்திரைச் செல்லை 2014-ல் கோபே நகரில் ஒரு மூதாட்டியின் கண்ணில் பொருத்தினார்கள். அடுத்த நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணுப் பிழைகள் தென்பட்டன. உடனே நிறுத்திவிட்டார்கள். உலகிலேயே இதை நன்றாக அறிந்தவர்கள், ஒரு துளிச் செல்லைக் கண்ணில் வைப்பதற்கு அவ்வளவு தயங்கினார்கள். இங்கே காலையில் மஜ்ஜையை உறிஞ்சி, மாலையில் அதையே குழந்தையின் முதுகில் செலுத்தி, மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் அன்றாடம் செய்துகொண்டிருக்கிறேன். பிறவி ரத்தசோகை நோயான தலசீமியா, சில வகை ரத்தப் புற்றுநோய்கள், மஜ்ஜை வறண்டுபோகும் அப்லாஸ்டிக் அனீமியா, பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் எனப் பல நோய்களுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை உயிர் கொடுக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்கள், ஒருநாள் ஊசியை நம்ப மாட்டார்கள். முதலில் கடுமையான மருந்து கொடுத்து பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுக்கிறோம். பிறகு ஸ்டெம் செல் பையை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறோம். உறையவைத்துப் பாதுகாத்த செல்லாக இருந்தால், அதில் கலந்திருக்கும் மருந்தினால் அறை முழுவதும் பூண்டு வாடை வீசும். அதன் பின் காத்திருப்பு. வெள்ளையணு எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும், வாயெல்லாம் புண், காய்ச்சல், அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி நிலைத்தால்தான் செல் வேரூன்றிவிட்டது என்று மூச்சு விடுவோம். ரத்த ஸ்டெம் செல் ரத்தத்தை உருவாக்குவதற்கே இத்தனை பாடு.

செல் பிரிவது நல்லது, பிரியப் பிரிய நல்லது என்று நினைக்கிறார்கள். கட்டுப்பாட்டோடு பிரிவதுதான் நல்லது. கட்டுப்பாடு இழந்து பிரிவதற்குத்தான் புற்றுநோய் என்று பெயர். இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு நரம்பு நோய்க்காக 2001 முதல் மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் தண்டுவடத்திலும் செலுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டு இடங்களிலும் கட்டிகள். அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது, கட்டியின் செல்களில் பெண்ணின் குரோமோசோம்கள் இருந்தன; அதாவது கட்டி, செலுத்தப்பட்ட செல்லிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. 2017-ல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. "நம் உடம்பிலிருந்து எடுத்தது, நமக்கு எப்படிக் கெடுதல் செய்யும்?" என்று கேட்கிறவர்கள் அந்த மூன்று பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஆனால் ஊசி போட்ட பிறகு கழுத்து நிற்கிறது டாக்டர்." இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கழுத்து நிற்பது உண்மைதான். அந்த மையங்களில் ஊசியோடு சேர்த்து தினமும் பல மணி நேரம் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்வதற்கான பயிற்சி கொடுக்கிறார்கள். வீட்டில் செய்யப் பயிற்சி அட்டவணை தருகிறார்கள். குழந்தையும் மாதத்துக்கு மாதம் வளர்கிறது. பெற்றோர் இதுவரை இல்லாத கவனத்தோடு அமர்ந்து பயிற்சி கொடுக்கிறார்கள். முன்னேற்றம் அங்கிருந்து வருகிறது. பெயரை ஊசி தட்டிக்கொண்டு போகிறது. அம்மா, உங்கள் கையால் நடந்த முன்னேற்றத்தை அந்த ரசீதுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆட்டிசத்துக்கும் இதே கதைதான். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-லேயே, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் சீட்டு எழுதி அனுப்பும் சக மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர்களே, உங்கள் பேரில் வரும் ஒவ்வொரு பரிந்துரைச் சீட்டும் எங்கள் மேஜைக்கு வந்து சேர்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தொப்புள்கொடி ரத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குப் பிற்காலத்தில் உதவும் என்று சொல்லி, அதைப் பணம் வாங்கிக்கொண்டு உறையவைத்துச் சேமிக்கும் நிறுவனங்களின் விற்பனையாளர் கர்ப்பிணிகளின் பரிசோதனை வரிசையிலேயே நிற்கிறார். 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை மஜ்ஜை நோய் இருந்த சிறுவனுக்குப் புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திக் குணப்படுத்தினார்கள். கவனியுங்கள், தங்கையுடையது. தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே மரபணுப் பிழை இருக்கும். அதை வைத்து அந்தக் குழந்தையைக் குணப்படுத்த முடியாது. குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய்க்கு வித்திடும் மாற்றங்கள் பல நேரங்களில் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கின்றன. அதைத் திருப்பி ஏற்றி என்ன பயன்? தன் ரத்தம் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு 2,500-ல் ஒருவர் முதல் 2 லட்சத்தில் ஒருவர் வரை என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் கணக்குச் சொல்கிறது. கிடைக்கும் அளவும் பெரும்பாலும் 100 மில்லிக்குள். வளர்ந்த ஆளுக்குப் போதாது. வீட்டில் ஏற்கெனவே தலசீமியா போன்ற நோயுள்ள மூத்த பிள்ளை இருந்தால் விஷயம் வேறு. அப்போது பிரசவத்துக்கு முன்பே எங்களிடம் வாருங்கள், பேசுவோம். மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். குழந்தை பிறந்தவுடன் கொடியை நறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தம் குழந்தைக்குள் போனால் இரும்புச்சத்தாகப் பயன்படும்.

ஸ்டெம் செல் பவுடர், ஸ்டெம் செல் மாத்திரை என்று வீடு வீடாக விற்பதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆப்பிள் செல்லோ திராட்சை செல்லோ, வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். அதை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் மயக்க நிலையில் வருகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

யாராவது ஸ்டெம் செல் சிகிச்சை என்றால், இது ஆராய்ச்சியா, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். எண் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் குடும்ப மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரே ஊசி மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் கேட்கும் என்று பலகையில் எழுதியிருந்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "பலன் உறுதியில்லை" என்று அதில் சின்ன எழுத்தில் அவர்களே எழுதியிருப்பார்கள். நிலத்தை விற்கும் முன், நகையை வைக்கும் முன், வேறொரு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் குடும்பத்துக்குக் கடிதத்துக்குப் பதிலாக இரண்டு முகவரிகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, அவர்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். இன்னொன்று, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது, பஸ் போகிறது. ஃபைலை எடுத்துப் போங்கள், ரசீதுகளை வீட்டில் வைத்துவிடுங்கள் என்றேன்.