"வீட்டிலதானே இருக்கிறா"

ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கமாக ஒரு வீடு. பாரிசவாதத்தில் விழுந்த ஓர் அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வட்டமாக வெட்டி, கீழே வாளி வைத்து, தாய்க்கு மலசலகூடக் கதிரை செய்திருந்தார் மகள். நல்ல மூளை. நான் வெளிக்கிட்ட பிறகு, படலை வரை வந்துதான் சொன்னார்: "மிஸ், எனக்கும் நாரி நோகுது."

அவருடைய போனில் இரவு 10, 12, 2, 4 மணிக்கு அலாரம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிடச் சொன்னது நாங்கள்தான். நாளைக்கு 12 தரம். திருப்புகிறவர் எப்போது நித்திரை கொள்வார் என்று நாங்கள் கேட்டதில்லை. போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளில் மாறி நிற்க ஓர் அண்ணனோ தம்பியோ இல்லை.

சரி, திரும்ப உள்ளே போனோம். அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்துத்தான் தாயைத் தூக்குகிறார். வாதம் வந்த பக்கத் தோள்மூட்டு இலகுவில் விலகிவிடும். தூக்குபவரின் நாரியும் போய்விடும். பழைய பருத்திச் சேலையை மடித்து முதுகிலிருந்து தொடை வரை விரித்து, முழங்காலை மடக்கிவிட்டு, சேலையைப் பிடித்துத் தன் பக்கமாக உருட்டச் சொன்னேன். திருப்பியதும் இடுப்பையும் குதிக்காலையும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தியும் வெளிறாவிட்டால் அது புண்ணின் தொடக்கம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, தங்களைப் பார்த்துக்கொள்ள ஏலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரலாம். வேண்டிய சட்டம்தான். ஆனால் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு என்ன? ஜேர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்புறுதி உண்டு. வீட்டில் வைத்துப் பார்க்கும் உறவினருக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டுகிறார்கள். பிரித்தானியா 1976இல் பராமரிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியபோது மணமான பெண்களை விலக்கியது. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணம். தாயைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குப் போட்டு, 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார்.

அதே பேச்சை இங்கே உறவுக்காரரிடம் கேட்கிறேன், சில வேளை எங்கள் சுகாதாரத்துறை ஆட்களிடமும்.

எங்கள் கொப்பியில் பராமரிப்பவருக்கென்று ஒரு நிரல் இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன்: மகள், 43, நாரி நோ, நித்திரை இல்லை, செவ்வாய்க்கிழமை கிளினிக். அன்று காலை அம்மாவோடு யார் நிற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.