பெரிமெட்ரி: பார்வைப்புல அளவீடு

கண் ஆஸ்பத்திரியில் ‘ஃபீல்ட் டெஸ்ட்’ எடுத்துவரச் சொல்வார்களே, அதன் முறையான பெயர் பெரிமெட்ரி. கிரேக்கத்தில் ‘பெரி’ என்றால் சுற்றி, ‘மெட்ரோன்’ என்றால் அளவு. இரண்டையும் அப்படியே ஒட்டினால் தமிழில் ‘சுற்றளவியல்’ என்று வரும். அது வேண்டாம். சுற்றளவு என்றதும் வேலியின் நீளம்தான் மனதில் வரும். இங்கே அளப்பதோ, நேரே பார்த்தபடி இருக்கும் கண்ணுக்குச் சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை.

நம்மிடம் புலம் இருக்கிறது. ‘புலம்பெயர்ந்தார்’ என்னும்போது அது இடம். ‘புலப்படவில்லை’ என்னும்போது அது காட்சி. இடமும் காட்சியும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? பார்வைப்புலம் என்றால் புலப்படும் இடம். அதை அளப்பது பார்வைப்புல அளவீடு.

பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களில் இந்த அளவீடு மிக முக்கியம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவை எடுத்துக்கொள்ளுங்கள். (‘அழற்சி’ என்று மொழிபெயர்க்கிறார்கள், அடிப்படையில் அது அழற்சி அல்ல, சிதைவு. ‘விழித்திரை நிறமிச் சிதைவு’ என்பதே சரி.) பெரும்பாலும் மாலைக்கண்ணில் தொடங்கும். பிறகு பார்வைப்புலத்தில் வளையம்போல ஒரு பகுதி மறையும். வளையம் அகன்று அகன்று, கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிப்பவர், கை அருகே இருக்கும் காபி டம்ளரைத் தட்டிவிடுவார். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டு விழும். பாவம், அவருக்கு டம்ளர் இருந்த இடமே தெரிந்திருக்காது.

1945-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் கண் மருத்துவர் ஹான்ஸ் கோல்ட்மன் இந்த அளவீட்டுக்காகச் செய்த கருவி, 30 செ.மீ. ஆரமுள்ள வெள்ளைக் கிண்ணம். தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒளிப்பொட்டு உள்ளே நகர்ந்துவரும்; கண்ணில் பட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். அப்படிக் கிடைத்த புள்ளிகளை இணைத்தால் வரும் கோட்டுக்கு ஐசாப்டர் என்று பெயர். மலையின் உயரத்தைக் காட்டும் சம உயரக் கோடு மாதிரி இது. ‘சமபார்வைக் கோடு’ என்பேன். நல்ல கண்ணில் அது காதுப் பக்கம் 90 பாகைக்கும், மூக்குப் பக்கம் சுமார் 60 பாகைக்கும் விரியும். நடு 30 பாகையை மட்டும் சோதித்தால், இந்த நோயில் சிலருக்கு ஓரத்தில் தீவுபோல எஞ்சியிருக்கும் பார்வை கணக்கில் வராமலே போய்விடும்.

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப்புலம் 10 பாகைக்குக் கீழே சுருங்கினாலே அது பார்வையின்மை. 10 முதல் 40-க்குள் என்றால் குறைபார்வை. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிப்பவருக்கும் இது பொருந்தும்.