கரு வளரும் கதை: செல்லுக்குத் தன் வேலை எப்படித் தெரிகிறது?

கருவியல் என்றாலே மாணவர்களை மிரட்டுவது அதிலுள்ள பெயர்கள்தான். சைகோட், மொருலா, பிளாஸ்டோசிஸ்ட், காஸ்ட்ருலா என்று மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். உண்மையில் இத்தனை பெயர்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி. உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. அப்படியிருக்க ஒன்று நரம்பாகவும் இன்னொன்று எலும்பாகவும் ஆவது எப்படி?

சினைமுட்டையின் விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். கருக்குழாயின் அகன்ற பகுதியில் விந்தணு அதைச் சந்திக்கிறது. ஒரு விந்தணு நுழைந்ததும் முட்டை தன் மேலுறையை இறுக்கி மற்றவற்றைத் தடுத்துவிடும். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் சேர்ந்த இந்தச் செல்தான் சைகோட்.

அடுத்த சில நாட்களில் நடப்பதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. மொத்த அளவு மட்டும் கூடுவதில்லை. எல்லாம் அந்தப் பழைய உறைக்குள்ளேயே நடப்பதால், பிரியப் பிரியச் செல்கள் சிறிதாகிக்கொண்டே போகின்றன. மூன்று, நான்கு நாளில் சுமார் 16 செல்கள் கொண்ட உருண்டையாகிவிடும், அதுதான் மொருலா.

முதல் முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது, அதுவும் இடத்தை வைத்து. வெளிப்புறச் செல்களுக்கு ஒரு பக்கம் அண்டைச் செல் எதுவும் இல்லை; உட்புறச் செல்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் அண்டைச் செல்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்து அவை வெவ்வேறு மரபணுக்களை இயக்கத் தொடங்குகின்றன. வெளியே இருப்பவை நஞ்சுக்கொடியை உருவாக்கப் போகும் டிரோபோபிளாஸ்ட். உள்ளே ஒட்டிக்கிடக்கும் சிறு கொத்திலிருந்துதான் குழந்தை வரும். ஐந்தாம் நாள் வாக்கில் நடுவே திரவம் நிறைந்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் கருக் குருத்தணுக்கள், அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை, அந்த உட்கொத்திலிருந்து எடுக்கப்படுபவை. மனிதக் கருவிலிருந்து அவற்றை முதலில் பிரித்து வளர்த்தது 1998இல், அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு.

அப்புறம் கரு உறையை விட்டு வெளியேறி, ஆறேழு நாளில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டுபிடிக்கும் ஹெச்சிஜி ஹார்மோன் வெளிப்புறச் செல்களிலிருந்து வருவது.

மூன்றாம் வாரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இதற்குள் அந்த உட்கொத்து இரண்டு அடுக்குத் தட்டாகியிருக்கும்; அதன் மேல், 15ஆம் நாள் அளவில் ஒரு மெல்லிய கோடு தோன்றுகிறது. மேலடுக்குச் செல்கள் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து, அதன் வழியே உள்ளிறங்கிப் பரவுகின்றன. முடியும்போது மூன்று அடுக்குகள். இந்த நகர்வுக்குத்தான் காஸ்ட்ருலாவாக்கம் என்று பெயர். உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்சுவரும் நுரையீரலின் உட்சுவரும். நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, இதயம், ரத்தம். மேலடுக்கிலிருந்து தோலின் மேற்பரப்பும், கூடவே மூளையும். ஆம், மூளையும் தோலும் ஒரே அடுக்கின் பிள்ளைகள்!

கோடு தோன்றும்வரை கரு இரண்டாகப் பிரிந்து ஒரே மாதிரி இரட்டையர் உருவாக வாய்ப்புண்டு. அதன்பின் முழுமையாகப் பிரிவது அரிது. ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்று 1984இல் பிரிட்டனின் வார்னாக் குழு பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மேலடுக்கில் ஒரு செல் தோலாகும்போது பக்கத்துச் செல் ஏன் மூளையாகிறது? இதற்குத் துப்பு கொடுத்தது ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமனும் ஹில்டே மாங்கோல்டும் 1924இல் வெளியிட்ட ஆய்வு. நீர்ப்பல்லி வகை உயிரி ஒன்றின் கருவிலிருந்து ஒரு சிறு திசுத் துண்டை எடுத்து, வேறு நிறமுள்ள இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு கரு வளர்ந்தது. நிறத்தைப் பார்த்தபோது, அதன் நரம்புத் திசுவில் பெரும்பகுதி ஏற்றுக்கொண்ட கருவின் செல்கள்! ஒட்டிய துண்டு தானே மூளையாகவில்லை; வயிற்றுத் தோலாக ஆகவிருந்த செல்களை நரம்பாக மாற்றிவிட்டது. அண்டைச் செல்கள் அனுப்பும் சமிக்ஞையே ஒரு செல்லின் பாதையை மாற்றும் என்பது அன்று தெளிவானது. 1935இல் ஸ்பெமனுக்கு நோபல் கிடைத்தது. மாங்கோல்ட் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

நம் கருவிலும் இதே போன்ற சமிக்ஞைகளால் மேலடுக்கின் நடுப்பகுதி தடித்து, ஓரங்கள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து நரம்புக் குழலாகிறது. கருவுற்ற 28 நாளுக்குள் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்பிலோ மூளையிலோ பிறவிக்குறை. இங்கே நாள்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கருவியலார் கருவுற்ற நாளிலிருந்து. இரண்டுக்கும் சுமார் 2 வார வித்தியாசம். மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனிக்கும்போதே கருவுக்கு வயது இரண்டு வாரம். குழல் மூட இன்னும் இரண்டே வாரம். இந்தக் குறையைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். இக்குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற பெண்களிடம் மறுபடி அது நேர்வதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்ததாக 1991இல் வெளியான ஆய்வு காட்டியது.

கருவுற்று எட்டு வாரம் முடிகையில் நீளம் 3 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுந்துவிடும். விரல்கள்கூடப் பிரிந்திருக்கும். அவை தனித்தனியாக முளைப்பதில்லை. துடுப்பு போன்ற கையில் இடையிலுள்ள செல்கள் மடிவதால் பிரிகின்றன. சில செல்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலையே சாவதுதான்.

இதன்பின் கருவைச் சிசு என்பார்கள். பெரும்பாலும் அளவு கூடுவதும் உறுப்புகள் முதிர்வதும்தான் மிச்சம். கடைசியில் தயாராகுபவற்றில் ஒன்று நுரையீரல். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள், மருத்துவர் கணக்கில் 35 வாரம் வாக்கில்தான் போதுமான அளவுக்குச் சுரக்கும். அதற்கு முன் பிறக்கும் பிள்ளைகள் மூச்சுக்குத் திணறுவது இதனால். குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அது சிசுவின் நுரையீரலைச் சீக்கிரம் முதிரச் செய்யும். இந்தச் சிகிச்சை நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது.