பிரெட்டி ஏன் மறைத்தார் என்று கேட்பதற்கு முன்

பாடகர் பிரெட்டி மெர்குரியைப் பற்றி 2000-இல் வந்த 'தி அன்டோல்ட் ஸ்டோரி' ஆவணப்படத்தை மும்பை தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், முடிந்ததும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "அக்கா, இவரு ஏன் எல்லாத்தையும் மறைச்சாரு?" எச்ஐவி ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி எப்போதும் உறுத்தும். மறைத்தவர்தான் குற்றவாளி என்ற தொனி அதில் இருக்கிறது.

பரூக் புல்சாரா என்பதுதான் அவருடைய பிறவிப் பெயர். 1946-இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர். படித்தது இங்கே மகாராஷ்டிராவின் பாஞ்ச்கனியில், விடுதிப் பள்ளியில். 1964-இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 'குயின்' இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்ற பிறகு பார்சி என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பெண்ணையும் நேசித்தார், ஆணையும் நேசித்தார். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் விளையாட்டாகவே பதில் சொன்னார். படத்தில் அவருடைய அம்மாவும் தங்கையும் பேசும்போதுதான் அந்த வீட்டுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறார்.

பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பேன்: "வேலைக்குப் போடுற பயோடேட்டாவுல நீங்க என்ன முகவரி எழுதுறீங்க?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் "சயான்" என்பார், இன்னொருவர் "மாட்டுங்கா" என்பார். இரண்டும் பக்கத்து ஏரியாக்கள். தாராவி என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரெட்டிக்கும் அப்படித்தான் ஒரு கணக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்துக் கிடந்த காலம் அது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலின உறவை ஊக்குவிக்கக் கூடாது என்று பிரிட்டன் 1988-இல் சட்டமே போட்டது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்த உறவே குற்றம். சொல்வதற்கு இவ்வளவு விலை இருக்கும்போது, சொல்லாதவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நோய் விஷயம் வேறு. 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்தார், மறுநாளே இறந்தார். வயது 45. அவர் முன்பே அறிவித்திருந்தாலும் அன்றைய மருந்துகள் காப்பாற்றியிருக்காது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததே 1996 வாக்கில்தான். இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை. அரசு ஏஆர்டி (எச்ஐவி மருந்துச் சிகிச்சை) மையங்களில் மருந்து 2004 முதல் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது.

என்னிடம் வரும் ஓர் இளைஞர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தார். ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் படுக்கிற வீடு அது. "ஊர்ல தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது மேடம்" என்று அவருடைய அம்மா அழுதார். "ஊருக்கு எதுக்கும்மா தெரியணும்? அவன் மாத்திரையை நிறுத்தாம இருந்தாப் போதும்" என்றேன். அந்தப் பஞ்சை நான் குறை சொல்லவே மாட்டேன். அது இருப்பதால்தான் அவர் ஒரு வேளையும் தவறவிடாமல் சாப்பிடுகிறார்.

யாரை நேசிக்கிறோம் என்பதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவரவர் முடிவு. "தைரியமா வெளியே வந்து சொல்லு" என்று நல்ல மனதோடு நெருக்குகிறவர்களையும் நான் தடுத்திருக்கிறேன். மறுநாள் வீட்டைவிட்டுத் துரத்தினால் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படுக்கும்?

பரிசோதனை மையத்துக்கு வராமல் இருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. எச்ஐவி இருப்பதற்காக வேலையைவிட்டு அனுப்பவும் முடியாது. கணவன், மனைவி, துணை விஷயத்தில் மட்டும் விதி கொஞ்சம் வேறு. அவர்களுக்குத் தொற்றாமலிருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தே ஆக வேண்டும்; முன்கூட்டியே சொல்வதும் அதில் ஒரு வழி. எப்படிச் சொல்வது என்று தெரியாதவர்களோடு நாங்களே கூட உட்கார்ந்து பேசுவோம்.

1097 என்ற எச்ஐவி உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். தாராவியில் இருப்பவர் தாராவிப் பக்கமே மருந்து வாங்க வேண்டும் என்பதில்லை. தெரிந்த முகங்கள் இருக்குமே என்று பயந்தால், வேறு ஏரியாவில் உள்ள மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.